வொண்டர்லா பெங்களூரு: சின்னப் பசங்களோட போறவங்களுக்கு

போன மாசம் 6 வயசு பையன், 3 வயசு பொண்ணு, மாமியார் எல்லாரோடயும் பிடதி வொண்டர்லா போனோம், மனசு நெறஞ்சு திரும்பினோம். மைசூர் ரோட்டுல 2005ல ஆரம்பிச்ச அம்யூஸ்மென்ட் பார்க், ரொம்ப சுத்தமா வச்சிருக்காங்க.

முக்கியமான விஷயம், டிக்கெட் வயசு வச்சு இல்லைங்க, உயரம் வச்சு. 85 செ.மீ.க்குக் கீழ ஃப்ரீ, அதுக்கு மேல 140 வரைக்கும் சைல்டு டிக்கெட். வீட்டுலயே செவுத்துல நிக்க வச்சு அளந்துட்டுப் போங்க, ஏன்னா பெரிய ரைடுக்கும் உயரம்தான் கணக்கு, வரிசையில நின்னு கடைசில "நீ ஏற முடியாது"ன்னா புள்ள மொகம் வாடிப்போயிடும், பாக்க முடியாது.

காலையில ட்ரை ரைடு (தண்ணியில நனையாத ரைடு), சாப்பிட்டு மதியம் தண்ணி ரைடு, அதான் சரி. தண்ணிக்கு நைலான் டிரஸ்தான், காட்டன் போட்டா விடமாட்டாங்க, முன்னாடியே வாங்கிடுங்க. வேவ் பூல்ல முதல் அலை கால்ல பட்டதும் பொண்ணு என் கழுத்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, கொஞ்ச நேரத்துல வெளிய வரமாட்டேன்னு ஒரே அழுகை! பையன் குளிர்ல உதடு நடுங்க நின்னான், ரெயின் டிஸ்கோல, அதான் மழை மாதிரி தண்ணி கொட்ட பாட்டுக்கு ஆடற எடத்துல, வெதுவெதுன்னு தண்ணி விழவும் ஆட ஆரம்பிச்சுட்டான், மாமியாரும் சேர்ந்துக்கிட்டாங்க.

வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க, உள்ளயே ரெஸ்டாரண்ட் இருக்கு. லீவு நாள தவிர்த்துட்டு வார நாள்ல போங்க. திரும்ப வர வண்டிய மட்டும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, எங்களுக்கு சொன்ன வண்டி வரவே இல்ல, தூங்கற புள்ளய தோள்ல போட்டுக்கிட்டு முக்கா மணி நேரம் ரோட்டுல நின்னோம்.