தோடர் சால்வை என்று சொல்லி 7,800 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், யாரும் ஏமாறாதீர்கள்

நேற்று மாலைதான் அவர்கள் என்னை பிளாக் செய்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நீலகிரித் தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்று சொல்லி, சமூக வலைத்தளத்தில் பழங்குடிக் கைவினைப் பொருள் விற்கும் ஒரு பக்கம் என்னிடம் 7,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போட்ட ஒரு துணியை அனுப்பியிருக்கிறது.

அத்தைக்கு எழுபது வயது நிறைகிறது, அதற்காக வாங்கியது. அவர் வேலை பார்த்த காலம் முழுக்க ஊட்டியில் நர்ஸாக இருந்தவர், தோடர்களின் மந்துகளுக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புகளுக்கு, தடுப்பூசி போடப் போய் வந்தவர். அங்கே பெண்கள் மடியில் துணியை வைத்துக்கொண்டு, எந்தக் கோடும் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூ போடுவதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஒரு முழுச் சால்வை முடிக்கப் பல வாரம் ஆகும். ஆணும் பெண்ணும் விசேஷத்துக்கு அதைத்தான் போர்த்துவார்கள், ஒருவர் இறந்தால் உடலையும் அதில்தான் சுற்றுவார்கள். அப்படி ஒரு துணி அத்தையிடம் இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் போடவில்லை. கையால் போட்டதா என்று கேட்டேன். உடனே ஒரு பெண் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "அக்கா, இது நேரா மந்துல இருந்து வருது. போட்ட பாட்டியோட போட்டோவே அனுப்புறேன், உங்களுக்கே தெரியும்." போட்டோவும் வந்தது. இரண்டு பக்கமும் சுருள் சுருளாகத் தொங்கும் முடி, தோளில் வெள்ளைச் சால்வை, கையில் ஊசி. பின்னாலேயே 2013-இல் தோடர் எம்ப்ராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியின் படமும் வந்தது. செய்தி உண்மைதான், அதை நானே முன்பு படித்திருக்கிறேன். "பாட்டிக்கு மருந்துச் செலவு இருக்கு அக்கா, முழுப் பணமும் முன்னாடியே குடுத்தா நல்லா இருக்கும்" என்றார். அந்த வார்த்தைக்கு அப்புறம் யாருக்குப் பேரம் பேச மனசு வரும்? யுபிஐயில் 7,800 ரூபாயும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்ததும் அத்தை முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, துணியை அப்படியே திருப்பினார். அசல் வேலையில் இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பாக, மறுபக்கம் நூல் சின்னச் சின்னதாக மேடு தட்டி இருக்கும், அந்த மேட்டுப் பக்கத்தைத்தான் தோடர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள். இதில் பின்பக்கம் முழுக்க மெஷினின் வெள்ளை அடிநூல், அதன் மேல் மெஷினுக்கு அடியில் வைக்கும் வெள்ளைக் காகிதம் மாதிரியான லைனிங், கிழித்தது போக ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு கொடி. இழை எண்ணிப் போடும் வேலையில் கட்டமும் கோணமும் படிப்படியான சாய்வும்தான் வரும், இப்படி நெளிவு எங்கிருந்து வரும்? ஈர விரலால் அத்தை தேய்த்தார், விரலில் சிவப்பு ஏறியது. "தோடர்கள் தங்கள் தறியில் நெய்தது" என்று விளம்பரத்தில் போட்டிருந்ததையும் அவரிடம் காட்டினேன். தோடர்கள் நெசவே செய்வதில்லையாம், துணியை வெளியே வாங்கிப் பூ வேலை மட்டும்தான் அவர்களுடையதாம். அதுகூடத் தெரியாதவர்கள் மந்திலிருந்து நேரே வாங்கி விற்கிறார்களாம்!

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். முதலில் "கைவேலைன்னா ஒண்ணுக்கொண்ணு மாறும் அக்கா." லைனிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், "அது பேக்கிங் பேப்பர்" என்றார்கள். தையலுக்கு அடியில் பேக்கிங் பேப்பர் எப்படிப் போகும் என்று கேட்டதற்கு, பார்சல் பிரித்த வீடியோ இல்லாமல் புகார் எடுக்க மாட்டோம் என்று பதில். அப்படி ஒரு விதி நான் வாங்கிய அன்று எங்கேயும் இல்லை. அடுத்து "ஓனர் ஊர்ல இல்ல." இரண்டு நாள் கழித்து அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தால், "தோடர் சால்வை" என்று இருந்ததை "தோடர் ஸ்டைல் சால்வை" என்று மாற்றிவைத்திருக்கிறார்கள்! பழைய ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது, அதை அனுப்பிய மறு நிமிடம் பிளாக். 7,800 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புகூட இல்லை.

பணத்தை விட எனக்கு ஆத்திரம் அந்தப் பாட்டி விஷயத்தில்தான். படத்தை இணையத்தில் தேடினால் ஒரு பயணக் கட்டுரையில் இருக்கிறது, எப்போதோ யாரோ எடுத்தது. ஊசியும் கையுமாக உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் பெண்களின் முகத்தைத் திருடி, இல்லாத மருந்துச் செலவைச் சொல்லி, அவர்கள் தங்கள் இறந்தவர்களுக்குச் சுற்றும் துணியின் பெயரில் மெஷின் சரக்கைத் தள்ளுகிறார்கள். எனக்குப் போனது 7,800 ரூபாய். அந்தப் பெண்களுக்குப் போவது அடுத்தடுத்து வரவேண்டிய ஒவ்வொரு ஆர்டரும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. துணியின் பின்பக்கப் படத்தைக் கிட்டத்தில் எடுத்துக் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். முழுப் பணத்தை முன்கூட்டிப் போடாதீர்கள். விளம்பரத்தை வாங்கும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பார்சல் பிரிக்கும்போது வீடியோவும். முடிந்தால் ஊட்டிக்குப் போகும்போது போடுகிறவர்களிடமே வாங்குங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் சொல்லியிருக்கிறேன். தோழியின் போனில் பார்த்தேன், இன்று காலையும் அதே பாட்டி படத்தைப் போட்டு "ஸ்டாக் மூன்றுதான்" என்று விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் தயவுசெய்து பணம் போடாதீர்கள், பக்கத்தை ரிப்போர்ட் செய்யுங்கள்.