டின் பாலா, பிழிந்த பாலா, பவுடரா? தேங்காய்ப்பாலில் சத்துக் கணக்கு

உச்சிப்புளி, பெரியபட்டினம், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் தென்னந்தோப்பு. ஆனால் கீழக்கரையில் சில வீட்டு அடுப்படி அலமாரியைத் திறந்தால் தாய்லாந்து டின் இருக்கும். வளைகுடாவிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்ததாக இருக்கும், இல்லையென்றால் ராமநாதபுரத்தில் ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. நோன்பு மாதத்தில் தினமும் கஞ்சிக்குத் தேங்காய் துருவிப் பிழிவது லேசான வேலையில்லை. ஆனாலும் டின்னை உடைக்கும்போது வீட்டில் ஒரு பெரியம்மா கேட்காமல் இருக்க மாட்டார்: "மாசக்கணக்கா அடைஞ்சு கெடந்ததுல என்னம்மா சத்து இருக்கப் போகுது?"

இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்து அட்டவணையில் 100 கிராம் பிழிந்த பாலுக்கு 230 கலோரி, கொழுப்பு 24 கிராம், புரதம் 2.3 கிராம். டின் பாலுக்கு 197 கலோரி, கொழுப்பு 21 கிராம், புரதம் 2 கிராம். டின்னை மூடி, 100 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கிருமி நீக்குகிறார்கள். அந்தச் சூட்டில் கொழுப்புக்கோ தாது உப்புகளுக்கோ பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வைட்டமின் சி குறையும்தான், 2.8 மில்லிகிராமிலிருந்து 1 மில்லிகிராமாக. ஆனால் வைட்டமின் சி வேண்டுமென்று தேங்காய்ப்பால் குடிப்பவர் யார்? ஒரு நெல்லிக்காய்க்கு முன்னால் இரண்டுமே ஒன்றுமில்லை. இரும்புச்சத்து அதே அட்டவணையில் டின் பாலுக்கு 3.3 மில்லிகிராம், பிழிந்த பாலுக்கு 1.6. தாவர உணவிலிருந்து வரும் இரும்பை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைப் பார்த்து டின்னுக்கு ஓட்டுப் போட வேண்டியதில்லை.

உண்மையான வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. நம் ஊர்ச் சமையலில் முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாக எடுத்துவைப்போம். சொதியில் காய் வேக இரண்டாம் பால், இறக்கும் நேரத்தில் முதல் பால். டின்காரர்களும் இதையேதான் வேறு பெயரில் விற்கிறார்கள். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத்தர விதியில் 'லைட்' தேங்காய்ப்பால் என்றால் கொழுப்பு குறைந்தது 5 சதவீதம், சாதாரணப் பால் 10, கிரீம் 20. 'தேங்காய்ப்பால்' என்று ஒரே பெயர் ஒட்டிய இரண்டு டின்களில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு கெட்டியாக இருக்கலாம். அதனால் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் தேங்காய்ச் சாறு எத்தனை சதவீதம், 100 மில்லிக்குக் கொழுப்பு எத்தனை கிராம் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். 'லைட்' டின் வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கெட்டிப் பால் ஒன்றை வாங்கிச் சரிபாதிக்கு மேல் தண்ணீர் விட்டால் அதேதான். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு இறக்குமதி விலை எதற்கு?

இனி கொழுப்பு. இதில் டின் பாலும் பிழிந்த பாலும் ஒரே கட்சி. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. ஒரு 400 மில்லி டின்னில் அது மட்டும் சுமார் 75 கிராம் வரும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் வரம்பு ஏறத்தாழ 22 கிராம். தேங்காய்ப்பால் சோற்றுக்கு ஒரு டின்னை முழுசாகக் கவிழ்த்து நாலு பேர் சாப்பிட்டால் தலைக்கு 19 கிராம் அங்கேயே முடிந்தது. பக்கத்தில் வைத்த கறிக்குழம்பை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அதே டின்னை ஒரு பெரிய சட்டிக் கஞ்சியில் ஊற்றி எட்டுப் பேர் குடித்தால் பாதிதான். தேங்காய்க் கொழுப்பில் இருக்கும் லாரிக் அமிலம் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி ஊற்றாதீர்கள். அது நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும்போதே கெட்டதையும் ஏற்றுகிறது.

பெயரில் பால் இருக்கிறதே என்று குழந்தைக்கு மாட்டுப்பாலுக்குப் பதிலாகக் கொடுப்பவர்களும் உண்டு. 100 கிராம் டின் தேங்காய்ப்பாலில் கால்சியம் 18 மில்லிகிராம்; மாட்டுப்பாலில் 120 பக்கம். அது ஈடாகாது.

டின்னில் கூடுதலாக வருபவை கொத்தவரைப் பிசின், பாலிசார்பேட் போன்றவை. பால் திரியாமல், கொழுப்பு மேலே மிதக்காமல் பிடித்துவைக்கும் வேலை அவற்றுக்கு. சில டின்களில் நிறம் மாறாமல் இருக்க மெட்டாபைசல்பைட் சேர்ப்பார்கள்; ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்து ஒதுக்குவது நல்லது. தேங்காய்ச் சாறும் தண்ணீரும் மட்டும் உள்ள டின்னைத் திறந்தால் மேலே கரண்டி நிற்கும் அளவுக்கு வெள்ளைக் கட்டி, கீழே சாம்பல் நிறத் தண்ணீர். கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். கலக்கினால் சேர்ந்துகொள்ளும், வாங்க வேண்டியதும் அதைத்தான்.

பவுடர் மூன்றாவது இடம். கொழும்பிலிருந்து வரும் பாக்கெட்டாக இருந்தாலும் உள்ளூர் பாக்கெட்டாக இருந்தாலும் பலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும், சோடியம் கேசினேட் என்ற மாட்டுப்பால் புரதமும் இருக்கும். பால் ஒவ்வாதவர்கள் வீட்டில் இது வினையாகிவிடும். கடலுக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துப் போக வசதி, அவ்வளவுதான்.

சத்து என்று மட்டும் பார்த்தால் இந்த மூன்றையும் அம்மியில் அரைத்த தேங்காய் தோற்கடித்துவிடும். 100 கிராம் தேங்காயில் 9 கிராம் நார்ச்சத்து. பால் பிழியும்போது அதில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. தினசரி மீன்குழம்புக்கு அரைத்துவிட்டு, பாலை வட்டலப்பம் என்ற இனிப்புக்கும் இடியாப்பத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். தொதல் கிண்டுவதென்றால் பிழிந்த பால்தான். கருப்பட்டியோடு கிண்டிக் கிண்டி எண்ணெய் பிரிந்து வரவேண்டிய பண்டத்துக்கு, எண்ணெய் பிரியாமல் இருக்க மருந்து போட்ட டின் பால் எப்படி ஒத்துவரும்?

நம் உப்புக்காற்றில் டின்னின் விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓட்டை விழுமளவுக்குத் துரு, தையலில் நசுங்கல், வீங்கிய மூடி, இந்த மூன்றில் எது இருந்தாலும் முகர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். திறந்த பின் மிச்சப் பாலை டின்னிலேயே வைக்காமல் எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பிழிந்த பாலுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. வெளியில் வைத்தால் நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவும் வைக்கலாம். உருகும்போது திரிதிரியாகப் பிரியும், குழம்புக்குப் பரவாயில்லை, இடியாப்பத்தில் ஊற்ற ஆகாது.