எடை மிஷினா, கழுத்தா, ஸ்கேனா?

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் கிளினிக்குக் காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்த கையோடு வருகிற அக்காக்களில் பலருக்குக் கால் வீங்கியிருக்கும். ஒருவருக்கு இதயம் பலவீனம். இன்னொருவருக்குப் பிரஷருக்காகப் போடும் அம்லோடிபின் தந்த வீக்கம். விரலால் அழுத்தினால் இரண்டு காலிலும் குழி விழும். முதலாமவருக்கு நீர் மாத்திரை தேவை. இரண்டாமவருக்கு அதைக் கொடுத்தால் வீக்கம் அவ்வளவாக வடியாது, தலைசுற்றல்தான் மிச்சம். அதனால் இதய நோயாளியின் உடம்பில் தண்ணீர் சேர்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழிகளில், என் பட்டியலில் காலுக்குக் கடைசி இடம்.

மற்ற வழிகளை எடைபோடும் முன் ஒரு விஷயம். மழை எவ்வளவு பெய்தது என்பது ஒரு கேள்வி. பக்கிங்ஹாம் கால்வாய் நிறைந்து தெருச் சாக்கடை எதிர்த்து வருகிறதா என்பது வேறு கேள்வி. உடம்பில் சேர்ந்த மொத்தத் தண்ணீரும், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களான சிரைகளில் ஏறும் அழுத்தமும் அப்படித்தான், ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது.

எடை மிஷின் மழைமானி. காலையில் சிறுநீர் கழித்து, சாப்பிடும் முன், ஒரே மாதிரி துணியோடு ஏற வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் போன் செய்யச் சொல்வேன். "கருவாடு ஒரு துண்டுதான் சார்" என்று ஆயா சத்தியம் செய்தாலும் மிஷின் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நாள்பட்ட நோயில் சதை கரையும். தண்ணீர் கூடினாலும் எடை அப்படியே நிற்கும். வயிற்றுச் சிரைகளில் தங்கியிருந்த ரத்தம் இதயப் பக்கம் தள்ளப்பட்டால், எடை ஏறாமலே அழுத்தம் ஏறும்.

கால்வாய் மட்டத்தைக் காட்டுவது கழுத்துச் சிரை. நம் ஊரில் அதையும் 'நரம்பு' என்றுதான் சொல்வார்கள். 45 டிகிரி சாய்த்துப் படுக்கவைத்து, மார்பெலும்பின் மேட்டிலிருந்து துடிப்பு எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். 3 செ.மீ.க்கு மேல் என்றால் அழுத்தம் கூடியிருக்கிறது. காசு செலவில்லை. குண்டான கழுத்தில் தெரியாது, கூட்டமான ஓ.பி.யில் யாருக்கும் பொறுமை இருக்காது, அதுதான் சிக்கல்.

இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருளை அளக்கும் என்டி-ப்ரோபிஎன்பி பரிசோதனையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மணலி, எண்ணூர்ப் பக்கமிருந்து திடீரென மூச்சு வாங்கி வருபவருக்கு நுரையீரலா, இதயமா என்ற குழப்பத்தில் அது நன்றாக உதவும். 300க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. குண்டானவர்களுக்கு அளவு குறைத்துக் காட்டும், சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கூட்டிக் காட்டும். தண்ணீரை அளக்க அதைத் திரும்பத் திரும்ப எடுப்பது எனக்கு வீண்செலவாகத்தான் படுகிறது.

ஸ்கேனில், உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை 2.1 செ.மீ.க்கு மேல் விரிந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதியளவுகூடச் சுருங்காவிட்டால் வலது இதயத்தில் அழுத்தம் அதிகம் என்று கொள்கிறோம். இந்த ஒரு படத்தை மட்டும் நம்பக் கூடாது. இதயத்தின் வலப்பக்கத்து டிரைகஸ்பிட் வால்வு கசிந்தாலும், வென்டிலேட்டரில் இருந்தாலும் கணக்கு தப்பும். நுரையீரல் ஸ்கேனில் தெரியும் பி-கோடுகள் என்ற வெள்ளைக் கோடுகள் இன்னொரு பக்கத்தைச் சொல்லும். அங்கே தண்ணீர் சேர்வதைக் காதில் ஸ்டெத் வைத்துக் கேட்பதைவிட அது நன்றாகக் காட்டும்.

எனக்கு அதிகம் பிடித்தது, சிரைகளில் ரத்தம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்கும் வெக்சஸ். இதய அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் சோதித்து, 2020இல் மான்ட்ரியல் மருத்துவர்கள் வெளியிட்ட முறை. பெருஞ்சிரை 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கல்லீரல் சிரை, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை, சிறுநீரகத்துக்குள் இருக்கும் சிரை மூன்றிலும் ரத்தம் ஓடும் விதத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்க்கிறார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் ஏறியதும் "தண்ணி வத்திப்போச்சு" என்று டிரிப் ஏற்றச் சொல்கிற அவசரத்துக்கு இது நல்ல கடிவாளம். இதய நோயாளியிடம் பல சமயம் நிலைமை தலைகீழ்: வடிகால் எதிர்த்து, சிறுநீரகம் ரத்தத்தில் ஊறி நிற்கும். அங்கே சலைன் ஏற்றினால் இன்னும் மோசமாகும். நீரை வெளியேற்றினால் கிரியேட்டினின் இறங்கவும் செய்யும். பழகிய கையும் நல்ல மிஷினும் வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் கிடைக்காது.

இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தத்தை அளக்கும் ஸ்வான்-கான்ஸ் முறை 1970இல் வந்தது. வழக்கமாக எல்லோருக்கும் போடுவதால் பலனில்லை என்று 2005இல் தெரிந்தது. ஐ.சி.யூ.வில் குழப்பம் தீராதபோது மட்டும் சரி.

ஆக, வீட்டில் மிஷின், கிளினிக்கில் கழுத்து, கிரியேட்டினின் ஏறினால் வெக்சஸ் என்பது என் வரிசை. மிஷின் வாங்கினால் சமமான தரையில் வையுங்கள். பாய் மேல் வைத்து அளந்துவிட்டு, "ராத்திரியோட 3 கிலோ குறஞ்சிட்டேன் டாக்டரே" என்று சந்தோஷமாக வந்து நிற்பவர்கள் உண்டு.