கம்ப்ரஷனை அளக்காமலே பெட்ரோல் சொல்லும் பட்டறை: கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

பழைய காரின் ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடியை) சீவி, பிஸ்டனை மாற்றி, கம்ப்ரஷனைக் கூட்டித் தருவதாக ஒரு பட்டறை சொன்னால், எரியறையின் கொள்ளளவை எப்படி அளப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் எரியறையின் இடத்தால் வகுத்தால் வரும் விகிதமே கம்ப்ரஷன். எங்கள் மாவட்டத்துப் பட்டறை ஒன்றில் என்னுடைய 1.3 லிட்டர் காருக்கு நேர்ந்ததை இங்கே விவரமாக எழுதுகிறேன். அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வழக்கம் வேறு பட்டறைகளிலும் இருக்கக்கூடும் என்பதால் பெயரைவிட வழக்கத்தை அறிந்துகொள்வதே பயன்தரும்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலை நடந்தது. ஒன்பதுக்கு ஒன்று என்றிருந்த கம்ப்ரஷன் பத்துக்கு ஒன்று ஆகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். எந்தப் பெட்ரோல் போடுவது என்று கேட்டதற்கு, "சாதா பெட்ரோலே தாராளம் அண்ணாச்சி, வேணும்னா இந்த பாட்டில் ஒண்ணு ஊத்துங்க, வண்டி பறக்கும்" என்று சொல்லி, ஆக்டேனை, அதாவது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் பெட்ரோலின் திறனை, கூட்டுவதாகச் சொல்லும் பூஸ்டர் பாட்டில்கள் சிலவற்றையும் என் தலையில் கட்டினார்கள். 11:1 இன்ஜினுக்கே 91 ஆக்டேன் போதும் என்று ஓர் அமெரிக்கர் பேசும் காணொளியை ஆதாரமாகவும் காட்டினார்கள்.

ஏமாற்று அந்த 91 என்ற எண்ணிலேயே தொடங்குகிறது. நம் ஊர் பங்கில் எழுதியிருப்பது ரான் என்னும் ஆக்டேன் அளவு. அமெரிக்க பங்கில் எழுதியிருப்பதோ அந்த ரானுக்கும், அதைவிடக் கடுமையான சோதனையில் அளந்து குறைவாக வரும் மான் என்ற அளவுக்கும் சராசரி. ஆகையால் அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறத்தாழ 95 அல்லது 96; நாம் அன்று போட்டுக்கொண்டிருந்த 91 அவர்களுடைய மிகச் சாதாரணமான 87க்குத்தான் சமம். இது தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தொழில் செய்கிறவருக்கு இரண்டுமே தகாது.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஆரியங்காவை நோக்கி ஏறும்போது, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் இன்ஜினுக்குள் ஆணிகளைக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்டது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். பிளக்கில் பிறந்த தீ எரியறை முழுவதும் பரவி முடிப்பதற்குள், ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே பற்றிக்கொண்டு பிஸ்டனை அடிக்கிறது. அதைத் தாங்கி நிற்கும் திறனின் அளவே ஆக்டேன். அந்த எண் கூடினால் பெட்ரோலுக்கு வலு கூடிவிடும் என்று நினைப்பது தவறு. கம்ப்ரஷன் கூட்டாத காருக்கு 100 ஆக்டேன் ஊற்றினாலும் பெரும்பாலும் காசுதான் கரையும். புதிய கார்கள் பலவற்றில் நாக் சென்சார் சத்தத்தை உணர்ந்து டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, பின்தள்ளிவிடும்; என்னுடையது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய இன்ஜின், அதற்கு அந்தக் காது இல்லை. போதாததற்கு, இழுவை கூடட்டும் என்று டைமிங்கையும் முன்தள்ளி வைத்திருந்தார்கள்.

பட்டறைக்குத் திரும்பியபோது, பங்கில் கலப்படம் என்றார்கள். பிறகு விலை கூடிய பெட்ரோலைப் போடச் சொன்னார்கள். அன்று அப்படி விற்ற பெட்ரோல்கள் பலவற்றிலும் இன்ஜினைத் துப்புரவாக்கும் மருந்து மட்டுமே கூடுதலாக இருந்தது, ஆக்டேன் அதே 91தான். பூஸ்டர் பாட்டிலின் கதை இதைவிட மோசம். "இத்தனை பாயிண்ட் கூட்டும்" என்று அட்டையில் போட்டிருப்பார்கள்; ஆனால் அந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்பது பெரும்பாலும் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்குதான்.

சில வாரங்களில் சைலன்சரில் நீலப்புகை வந்தது. நாகர்கோவிலில் மூத்த மெக்கானிக் ஒருவர் இன்ஜினைத் திறந்தார். மூன்றாவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட வரம்பு உடைந்திருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியத் துளிகள் ஒட்டியிருந்தன. அவர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே கண்ணாடித் தகட்டை மூடி, பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்குமே, அதே பியூரெட்டால் திரவத்தை விட்டு அளந்தார். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டின் கனத்தையும் பிஸ்டன் தலையின் வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது மொத்த இடம் 31 சிசி என்று வந்தது. 1.3 லிட்டரை நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 325 சிசி. 325ஐயும் 31ஐயும் கூட்டி 31ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5. வாக்களித்த 10:1க்கு 36 சிசி இருந்திருக்க வேண்டும். வித்தியாசம் வெறும் 5 சிசி, அதாவது ஒரு தேக்கரண்டி. பியூரெட் இல்லாத பட்டறையில் இந்தத் தேக்கரண்டி யார் கண்ணிலும் படாது.

இன்ன கம்ப்ரஷனுக்கு இன்ன ஆக்டேன் என்று ஒரே பட்டியலைக் காட்டுகிறவர்களையும் முழுக்க நம்ப வேண்டாம் என்றார் அவர். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடினால் உள்ளே சிக்கும் காற்று குறைந்து, அதே 11:1 சற்றுச் சாந்தமாக நடந்துகொள்ளும். மே மாத வெயிலில் பாளையங்கோட்டைச் சிக்னலில் கிடந்து சூடேறிய இன்ஜினுக்கோ 10:1கூடப் பாரமாகலாம்.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ரான் 95 என்று அரசு சொல்கிறது. நாக்கிங்கைப் பொறுத்தவரை இது நல்லதே. ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதற்கென்று ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளையை) மாற்றாத பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்து சூடு ஏறும். பழைய ரப்பர் குழாய்களும் கெடும். "இப்போ எல்லாமே 95 தான், எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்" என்று யாராவது சொன்னால் இவற்றுக்கு என்ன வழி என்றும் கேளுங்கள்.

குழிவான தலை கொண்ட பிஸ்டன்களைப் போட்டுக் கொள்ளளவை 35 சிசிக்குக் கொண்டுவந்த பிறகு என் இன்ஜின் 10.3க்கு அருகில் இருக்கிறது. டைமிங்கைச் சற்றுப் பின்தள்ளி 95 ஆக்டேன் போட்டு ஓட்டுகிறேன், புளியரை ஏற்றத்தில் சத்தம் இல்லை. முதல் பட்டறையில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பெட்ரோல்தான் காரணம் என்று மறுபடியும் சாதித்தார்கள். சிட்டையில் "ஹெட் வேலை, பிஸ்டன் வேலை" என்று எழுதித் தொகையைப் போட்டிருந்தார்களே தவிர, எத்தனைக்கு ஒன்று என்று எங்கும் எழுதவில்லை. நீங்கள் வேலைக்குக் கொடுப்பதானால், அளந்த சிசியையும் கணக்கிட்ட கம்ப்ரஷனையும் போடவேண்டிய ஆக்டேனையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.