வன்னியில் பி.வை.டி அட்டோ 3: காரைப் பார்க்க முதல் மீற்றர் பெட்டியைப் பாருங்கள்

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். ஹயருக்குத்தான் ஓடுகிறேன். பெரும்பாலும் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்கள், இடைக்கிடை முல்லைத்தீவு, வவுனியா, மாதத்தில் மூன்று நாலு தரம் கட்டுநாயக்கா விமான நிலையம். 2020 இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததும், கனடாவில் இருக்கிற அண்ணை பாதிக் காசு போட, நான் பழைய பெற்றோல் காரை விற்று மீதியைப் போட்டு இந்த அட்டோ 3 எலெக்ரிக் காரை எடுத்தோம். 11 மாதம் ஆகிறது, 31,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினால் நாலு பேர் வந்து சுற்றி நின்று கேட்கிற முதல் கேள்வி “ஒருக்கா சார்ஜ் போட்டால் எவ்வளவு ஓடும்?” என்பதுதான். உங்கள் வீட்டுக்கு எத்தனை அம்பியர் லைன் வந்திருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது சின்னப் பற்றரி, 49.92 கிலோவாட் மணி. நாங்கள் பேசுகிற பாசையில் சொன்னால் கிட்டத்தட்ட 50 யூனிட் பிடிக்கும் தாங்கி. ஐரோப்பாவில் கார் ஓட்டத்தை அளக்கிற டபிள்யூ.எல்.ரி.பி சோதனைக் கணக்கில் ஒருக்கா சார்ஜ் போட்டால் இது 345 கிலோமீற்றர். பெரிய பற்றரி 60.48, அதற்கு 420. கொம்பனி சொல்கிற கணக்கு ஓட்டத்தில் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். வன்னியில் அது அநேகமாக வருகிறது. காரணம் எங்கள் றோட்டு. யாழ்ப்பாணம் போகிற ஏ9 பெருந்தெருவில் ஊருக்கு வெளியே 70 தான் வேக எல்லை, ஊருக்குள் 50, அதற்குமேல் போனால் எந்த மரத்தடியில் பொலிஸ் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். மேடு பள்ளம் கிடையாது. எலெக்ரிக் காருக்கு 65 இல் ஒரே சீராகப் போவதைப்போல நல்ல ஓட்டம் வேறில்லை, 100 க்கு மேல் மிதித்தால்தான் காற்றைத் தள்ளியே பற்றரி தீரும். ஏ.சி 25 இல், ஆள் நாலு பேர் இருக்க, எனக்கு 100 கிலோமீற்றருக்கு 14, 14.5 யூனிட் போகிறது. உள் கிரவல் றோட்டுகளில் அது 17 வரை ஏறும்.

கிளினிக் நாள் ஒன்றைச் சொல்கிறேன். விடிய 4.30 க்கு 100 சதவீதத்தில் வெளிக்கிட்டேன். தருமபுரம், பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது 77. பின்னால் இருந்த அம்மா கண்டாவளைச் சந்தி தாண்டியதும் “தம்பி, எஞ்சின் நிண்டுபோச்சோ?” என்று பயந்து கேட்டார், சத்தமே இல்லாததால். நம்பர் எடுத்து மருந்து வாங்கி வர மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் அவருக்கு இயலாமல் வர, இரண்டு மணித்தியாலம் ஏ.சியைப் போட்டுக் காருக்குள்ளேயே படுக்க வைத்தேன். அதற்குப் போனது 3 சதவீதம். பெற்றோல் காரில் எஞ்சினை ஓடவிட்டு நிற்க மனம் வராது, புகையும் மணமும் வேறு. திரும்பி வீட்டுக்கு வர 48. போகும்போது 23, வரும்போது 26. அந்த வித்தியாசம் சோளகக் காற்று. ஆடி மாதத்தில் ஆனையிறவு வெளியில் கடல்நீரேரிக்கு மேலால் அடிக்கிற காற்றை மோட்டார் சைக்கிளில் போனவர்கள் அறிவார்கள், கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கும். யாழ்ப்பாணம் போகும்போது அது பின்னால் தள்ளும், வரும்போது முன்பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். அந்த மாதங்களில் திரும்பி வருவதற்கு 5 சதவீதம் கூட வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஆக, கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ மன்னாரோ, வன்னிக்குள் ஓடுகிற ஒருவருக்கு இந்தச் சின்னப் பற்றரி தாராளம்.

கட்டுநாயக்கா வேறு கதை. எங்கள் வீட்டிலிருந்து 300 க்கு மேல், ஒரு தரம் வழியில் போட்டே ஆகவேண்டும். இந்தப் பற்றரி டி.சி வேகச் சார்ஜில் உச்சமாக 70 கிலோவாட் எடுக்கும், ஆனால் அந்த அளவு தரும் சார்ஜர் எல்லா இடத்திலும் இல்லை. 30 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் 30 இலிருந்து 80 க்கு ஏற ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும், அந்த நேரம் சாப்பிட்டு முகம் கழுவ சரி. கார்த்திகையில் ஒரு நாள் இரவு, பிளைட்டுக்குப் போகிற குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, சார்ஜர் இடங்களைக் காட்டும் போன் அப்பில் ‘இயங்குகிறது’ என்று பச்சை காட்டிய ஓர் இடத்துக்குப் போனேன். கேற் பூட்டு. காவலாளி வந்து திறந்தார், சார்ஜரில் வெளிச்சம் எரிந்தது, அதன் வயர் முனையைக் காரில் கொழுவினால் வேலை செய்யவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய் ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போதும் நினைத்தால் நெஞ்சு இடிக்கிறது. 35 சதவீதம் மிச்சம் இருந்ததால் அடுத்த இடத்துக்கு ஓடினோம், பிளைட்டும் பிடித்தோம். அதற்குப் பிறகு நான் 35 க்குக் கீழே இறங்கவிட்டு ஒரு சார்ஜரைத் தேடிப் போவதில்லை. இரண்டாவது இடம் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் மத்தியானமே போன் எடுத்துக் கேட்டுவிடுகிறேன். வயர் முனை எந்த வகை என்றும் கேளுங்கள். இதற்கு வேண்டியது சி.சி.எஸ்-2. பழைய நிசான் லீவ் கார்களுக்கென்று பூட்டிய சாடெமோ முனை மட்டும் இருந்தால் அங்கே போய் நிற்பதில் பிரயோசனமில்லை.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம்.

எங்கள் பக்கம் கனபேருடையது வீட்டுத்திட்ட வீடு. வயறிங் போட்டது லைற், ஃபான், ரீவிக்கு. மின்சாரசபை லைன் பழையது என்றால் 15 அம்பியர், இல்லாவிட்டால் 30. கார்க்கடையில் காட்டுகிற 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜருக்கு 32 அம்பியர் வேண்டும். 30 அம்பியர் வீட்டில் அதை முழுதாக ஓடவிட முடியாது. இந்தக் கணக்கை வாங்கும் இடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் செய்தது, சார்ஜரை 16 அம்பியருக்கு இறக்கி வைத்தேன். 3.6 கிலோவாட் வரும். இரவு 10.30 இலிருந்து விடிய 5.30 வரை ஏழு மணித்தியாலம் போட்டால் 25 யூனிட், அதில் வழியில் இழக்கிறது போக 45 சதவீதம் பற்றரிக்குள் ஏறும். ஒரு யாழ்ப்பாணப் பயணத்தில் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தீருகிறது, ஒவ்வொரு இரவும் போட்டுவந்தால் ஈடாகிவிடும். 15 அம்பியர் வீட்டில் காரோடு வருகிற மூன்று முள்ளு வயர்தான், அதுவும் 8 அம்பியரில். மணித்தியாலத்துக்கு 2 யூனிட்கூட வராது. பாதி ஏற 15 மணித்தியாலம். அதைச் சாதாரணப் பிளக்கில் போடாதீர்கள். என் முதல் கிழமையில் பிளக்கின் பின்பக்கம் தொடமுடியாமல் சுட்டது, வெள்ளைப் பிளாஸ்டிக் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. மெயின் போட்டிலிருந்து தனி வயர், தனி ட்ரிப் சுவிச், இது கட்டாயம்.

எர்த் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, என்னை ஒரு கிழமை அலைக்கழித்தது அதுதான். ஆடி நடுப்பகுதி, மூன்று மாதம் மழையில்லை. ஓர் இரவு சார்ஜரில் சிவப்பு லைற். கழற்றிக் கொழுவினேன், பச்சை வந்து பத்து எண்ணுவதற்குள் திரும்பச் சிவப்பு. கார் பழுது என்றுதான் நினைத்தேன், அண்ணையின் காசையும் என் காசையும் நினைத்து அன்றிரவு நித்திரையில்லை. விடியப் பக்கத்தில் வயறிங் பார்க்கிற தம்பி வந்து, சுவரோரம் நின்ற எர்த் கம்பியைக் காலால் அசைத்தார். கம்பி ஆடியது. மண் காய்ந்து, கம்பியைச் சுற்றி விரல் போகும் அளவுக்கு விலகி நின்றது. அவருடைய மீற்றரில் 180 ஓம் காட்டியது. காய்ந்த மண்ணுக்குள் கரண்ட் இறங்காது, எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் காருக்குக் கரண்ட் விடாது. அது பழுதல்ல, தொடுகிற ஆளைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார், பச்சை வந்தது. ஆனால் தினமும் ஊற்ற முடியாதே. வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு “அண்ணை, வாழையடிக்குக் கொண்டுபோவம்” என்றார். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் முழுக்க வாழைக்குத்தான் ஓடும், அந்த மண் எந்தக் கோடையிலும் காயாது. புதிதாக ஆழமான கம்பி ஒன்றை அங்கே இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, பச்சை வயரை வீடு வரை இழுத்தோம். 12 ஓம். அதற்குப் பிறகு சிவப்பு லைற் வந்ததே இல்லை.

இன்னொரு விசயம் வோல்டேஜ். எங்கள் வீடு லைனின் கடைசிப் பக்கம். விடிய ஐந்து மணிக்குக் கச்சான், மிளகாய்த் தோட்டங்களுக்கு ஆட்கள் தண்ணீர் மோட்டர் போடத் தொடங்க, 230 இருக்கவேண்டிய இடத்தில் 190 க்குக் கீழே போகும். சார்ஜர் நின்றுவிடும். அவர்கள் இறைக்கத்தானே வேண்டும், பயிர் பார்த்துக்கொண்டிராது. நான் சார்ஜை 10.30 க்குத் தொடங்கி 5 மணிக்கு முன் முடிக்கப் பழகிக்கொண்டேன். மாலை 6.30 இலிருந்து 10.30 வரை போடவே மாட்டேன். நாடு முழுக்கக் கரண்ட் கூடுதலாக இழுக்கும் நேரம் அது, நேரத்துக்கேற்ற கட்டணம் எடுத்தவர்களுக்கு யூனிட் விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

பில்லைப் பற்றி நேராகச் சொல்கிறேன். யூனிட் விலையும் பெற்றோல் விலையும் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அளவைத் தருகிறேன், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 100 கிலோமீற்றருக்கு மீற்றரில் விழுவது 16 யூனிட் (பற்றரிக்குள் போவதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட). பழைய காருக்கு அதே தூரத்துக்கு 8 லீற்றர் பெற்றோல். ஆனால் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் உச்ச விலை. என்னைப்போல மாதம் 2,800 கிலோமீற்றர் ஓடினால் காருக்கு மட்டும் 450 யூனிட். முதல் மூன்று மாதப் பில்லைப் பார்த்துவிட்டு மனிசி தாலிக்கொடியை அடகு வைத்துத் தந்தார், கூரையில் 5 கிலோவாட் சூரியப் பலகை போட்டோம். எங்கள் வெயிலுக்கு அது மாதம் 600 யூனிட் தருகிறது. பகலில் நாங்கள் லைனுக்குக் கொடுத்ததை, இரவில் எடுத்ததிலிருந்து மின்சாரசபை கழிக்கிறது. கொடியை வைகாசியில் மீட்டுக் கொடுத்துவிட்டேன்.

மற்றப்படி பாவனைக்கு நல்ல கார். இருக்கை உயரம் அளவானது, முழங்கால் நோவுள்ளவர்கள் வான் வண்டியில் ஏறுவதுபோல் ஏறவும் வேண்டாம், தாழ்ந்த காரில்போல் விழவும் வேண்டாம். பின்னால் கால் வைக்கும் இடம் தட்டையாக இருப்பதால் நடுவில் இருக்கிறவருக்கும் சுகம். டிக்கி 440 லீற்றர், மடிக்கிற சக்கர நாற்காலியோடு இரண்டு பயணப்பெட்டி போகும். கதவுப் பையில் கிற்றார் நரம்புபோல மூன்று சிவப்பு இழை கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறினால் யாழ்ப்பாணம் வரை மீட்டிக்கொண்டு வருவார்கள். கிரவல் புழுதி அதற்குக் கீழே போய்ப் படியும், பழைய பல் பிரசால்தான் எடுக்கிறேன். மேல் கண்ணாடிக் கூரைக்குச் சித்திரை வெயிலில் திரை இழுத்தே வையுங்கள்.

தரையிலிருந்து உயரம் 175 மில்லிமீற்றர். ஏ9 க்கும் முல்லைத்தீவு போகிற ஏ35 க்கும் சரி, வற்றாப்பளைப் பொங்கலுக்கு வயல் வெளியில் நிறுத்தவும் சரி. குளக்கட்டு றோட்டுக்குச் சரியில்லை. ட்ரக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடு முதுகு உயர்ந்து நிற்கும் பாதையில் அடிப்பக்கம் தட்டும், அடியில் இருப்பது பற்றரி. அப்படியான இடத்துக்குக் கூப்பிட்டால் நான் பிரதான றோட்டில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும் நாளில் சுற்றிப் போகிறேன், யார் அவசரப்படுத்தினாலும். ரயர் 215/55, 18 அங்குலம். கிளிநொச்சியில் கேட்ட மூன்று கடையிலும் கையிருப்பில் இல்லை, சொல்லித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

காரிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கும் வசதியும் இருக்கிறது. மார்கழி மழையில் இரண்டு நாள் ஊருக்கே கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு இழுப்பு, நெபுலைசர் போடவேண்டும். காரை அவர்கள் விறாந்தையோரம் விட்டு வயர் இழுத்துக் கொடுத்தேன். இரவு முழுக்க நெபுலைசர், ஒரு ஃபான், இரண்டு லைற், எங்கள் பிரிட்ஜும் சேர்த்து. விடியப் பார்த்தால் 6 சதவீதம்தான் குறைந்திருந்தது. இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம் என்று அந்தப் பெடியனின் அம்மம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

பெரிய பற்றரி எடுத்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். கூடக் கிடைப்பது 75 கிலோமீற்றர், கட்டுநாயக்கா போய்வர அப்போதும் வழியில் எங்காவது போடத்தான் வேண்டும். திரும்ப வாங்கினாலும் 49.92 தான் எடுப்பேன், மிஞ்சுகிற காசுக்குக் கூரையில் இன்னும் நாலு பலகை.