திருகோணமலையில் பெரிய பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: மாற்றாத கிளச்சுக்கு வாங்கிய காசு

நேரே விஷயத்துக்கு வருகிறேன். திருகோணமலை நகரில், பெரிய பைக் வேலை எல்லாம் செய்வோம் என்று சொல்லும் ஒரு கராஜில் என் பைக்குக்குக் கார் ஒயில் விட்டார்கள். அதனால் கிளச் ஸ்லிப் அடிக்க, அதாவது பிடிக்காமல் வழுக்கத் தொடங்கியது. பிளேட் கருகிவிட்டது என்று சொல்லி, புது கிளச் செற்றுக்கும் கூலிக்குமாக 46,000 ரூபாய் வாங்கினார்கள். அந்தச் செற் என் எஞ்சினுக்குள் போகவே இல்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை கராஜின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் தெரியாமலும் இதைப் படித்துப் பயனெடுக்கலாம், இந்த வித்தை ஒரு கடையோடு நிற்கிற ஒன்றாக எனக்குத் தெரியவில்லை.

என்னுடையது கவாசாகி இசட்இசட்ஆர் 400. ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷனாக இங்கே வந்தது. 399 சிசி, நாலு சிலிண்டர், றேடியேட்டர், முழு ஃபெயாரிங் (எஞ்சினை மூடும் வெளி உறை), பின்னால் ஒரு ஆள் நிம்மதியாக இருக்கக்கூடிய சீற். ரேஸ் பைக் மாதிரிப் படுத்துக்கொண்டு ஓடத் தேவையில்லை, அதேநேரம் ஹபரணை தாண்டியதும் இழுக்கச் சொன்னால் இழுக்கும். கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு, இறங்கினால் இடுப்பு இடுப்பாகவே இருக்கும். இந்த ஸ்போர்ட் டூரிங் வகை எங்கள் ஊரில் மிகக் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது நினைவிருக்கும். 2025 தொடக்கத்தில் திறக்கும் வரை, இருக்கிறதை ஒட்டித் தைத்துத்தான் எல்லாரும் ஓடினோம். பார்ட்ஸ் கிடைக்காது என்பது கராஜ்காரருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். "சாமான் கொழும்பில இருந்துதான் வரணும்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும், விலையைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை.

நான் கொடுத்தது சாதாரண சேர்விஸ். ஒயில், ஃபில்டர், பிறேக் ஒயில், கூலன்ற், செயின் இறுக்கம். மோட்டார் சைக்கிளுக்கு உரிய 10டபிள்யூ-40 தடிப்பு ஒயில், போத்தலில் ஜாசோ எம்ஏ என்ற தரக்குறி அடித்திருக்க வேண்டும் என்று வாயாலும் சொன்னேன், ஒரு துண்டிலும் எழுதிக் கொடுத்தேன். முதலாளி துண்டை வாங்கி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். "தம்பி, நான் இருவது வருசமா இதுதான் செய்யிறன். பின்னேரம் வந்து எடுங்க." பின்னேரம் எடுத்தேன். பில்லில் "ஒயில் – சிந்தெற்றிக்" என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "நீங்க சொன்னதுதான், இன்னும் நல்ல சாமான்" என்றார்.

ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் வராது. அனுராதபுரச் சந்தியில் இருந்து உப்புவெளி, நிலாவெளி வரை எல்லாம் தட்டை. உவர்மலை ஏற்றம் ஒன்றுதான் ஏற்றம் என்று சொல்ல இருக்கிறது, அதுவும் இரண்டாம் கியரில் முடிந்துவிடும். விஷயம் வெளியே வந்தது மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போனபோது. கண்டி தாண்டி, கம்பளை, புசல்லாவை கழிந்து, ரம்பொடை ஏற்றத்தில் ஒரு லொறியை முந்தத் திருகினேன். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறியது, சத்தமும் ஏறியது, பைக் மட்டும் அதே வேகத்தில் நின்றது. லொறி டிரைவர் என்ன நினைத்தாரோ தெரியாது, ஹோர்ன் அடித்தார். திரும்ப லொறிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குப் பிறகு த்ரொட்டிலைப் பாதிக்கு மேல் திறக்க முடியவில்லை. மச்சான் ஒவ்வொரு வளைவிலும், "ஏதோ கருகிற மணம் வருது, உனக்கு வருதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

திரும்பி வந்த பயணத்தை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலைக்குப் பிறகு யானை ரோட்டுக்கு வரும் என்று இந்தப் பாதையில் போகிற எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் யானையைக் கண்டால் பைக்கைத் திருப்பிக்கொண்டு உடனே இழுக்க வேண்டும். இழுக்காத பைக்கோடு, இருட்டில், பின்னால் ஒரு ஆளோடு அந்தக் காட்டுத்துண்டைக் கடந்தோம். காசு போனது ஒரு பக்கம். ஒயில் மாற்றி விடுகிறவன் விளையாடியது எங்கள் உயிரோடு.

அடுத்த நாள் கராஜுக்குப் போனால், முதலாளி கிளச் லீவரை இரண்டு தரம் அமத்திப் பார்த்தார், அவ்வளவுதான். ஓடிக்கூடப் பார்க்கவில்லை. "பிளேட் முடிஞ்சுது தம்பி. மலையில ஓட்டினா இப்பிடித்தான். நல்ல காலம் எஞ்சின் தப்பிச்சுது." கொழும்பில் இருந்து ஜப்பான் செற் எடுப்பதாகச் சொல்லி முற்பணம் வாங்கினார். சில நாள் கழித்துப் பைக் தயார் என்று அழைப்பு வந்தது. எடுத்து ஓடினேன், கிளச் நன்றாகப் பிடித்தது. மீதிக் காசையும் கொடுத்தேன். பழைய பிளேட்டைக் கேட்டேன். "அதை வச்சு என்ன செய்ய, எறிஞ்சாச்சு" என்றார்.

கண்டுபிடித்தது பைக் கழுவும்போது. கடற்கரை ஊரில் பைக் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: அலுமினியத்தில் உப்புக்காற்றுப் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், இரும்பு போல்ட்டின் தலையைச் சுற்றித் துரு கசிந்து கவரோடு ஒட்டிப்போகும். வலது பக்கம் இருக்கும் கிளச் கவரின் போல்ட்டுகளைச் சுற்றி அந்தப் பூப்பு ஒரு வளையமாக, எங்கும் உடையாமல் இருந்தது. ஒரு போல்ட்டின் தலையில்கூட சாவி பட்ட கீறல் இல்லை. கவரும் எஞ்சினும் சேருகிற இடத்தில் இடையில் வைக்கிற அடைப்பான பழைய கஸ்கட்டின் விளிம்பு கறுத்துக் காய்ந்தபடி தெரிந்தது. அந்தக் கவரைக் கழற்றாமல் கிளச் பிளேட்டைத் தொட முடியாது. போல்ட்டைத் திருகாமல் கவரைக் கழற்ற முடியாது. எங்கள் ஊர் உப்புக்காற்று செய்கிற அநியாயத்துக்கு அன்றைக்குத்தான் முதல்முறை நன்றி சொன்னேன்.

அப்படியென்றால் கிளச் எப்படிச் சரியானது? இதை விளங்கிக்கொண்டால் இந்த ஏமாற்று முழுவதும் விளங்கும். காரில் கிளச் எஞ்சினுக்கு வெளியே, ஒயில் படாமல், காய்ந்த நிலையில் வேலை செய்யும். எங்கள் பைக்குகளில் எஞ்சின், கியர், கிளச் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். கிளச் பிளேட்டுகள் அந்த ஒயிலில் ஊறிக்கொண்டே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். இப்போதைய கார் ஒயில்களில், குறிப்பாக 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய வகைகளில், எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் கலந்திருக்கும். எஞ்சினுக்கு நல்லது, ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு அதுவே வினை. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது காட்டாது. பாரம் ஏற்றி, உயர்ந்த கியரில், சூடான எஞ்சினோடு ஏற்றம் ஏறும்போது வழுக்கும்.

இதற்காகவே ஜப்பான்காரர் 1998இல் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் கிளச்சுக்குத் தேவையான உராய்வு இருக்கிறது. எம்பி என்றால் உராய்வு குறைந்தது, கிளச் ஒயிலில் ஊறாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. போத்தலின் பின்பக்கம் சிறிய பெட்டிக்குள் இது அடித்திருக்கும். கார் ஒயில் போத்தலில் வட்டமான ஏபிஐ முத்திரையின் (அமெரிக்க ஒயில் தர முத்திரை) கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கொன்சேவிங்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் பைக்குக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். நிறத்தையும் மணத்தையும் பார்த்து எந்த ஒயில் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

பிளேட் உண்மையில் கருகாமல் இருந்தால், சரியான ஒயிலை விட்டு, ஓரிரு தரம் மாற்றினால், பிடி பெரும்பாலும் திரும்பிவிடும். அவர் செய்தது அதைத்தான். தான் விட்ட ஒயிலை இறக்கி, நான் முதலே கேட்ட ஒயிலை விட்டார், கிளச் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினார். அதற்கு 46,000.

கார் ஒயில் என்பதற்கு ஆதாரம் தற்செயலாகக் கிடைத்தது. முதல் சேர்விஸ் அன்று, ஃபெயாரிங் கழற்றிய நிலையில் பைக்கைப் படம் எடுத்துக் கூட்டாளி ஒருவனுக்கு அனுப்பியிருந்தேன். படத்தைப் பெரிதாக்கினால், ஒயில் இறக்குகிற ட்ரேக்குப் பக்கத்தில் மூடி திறந்த கான் ஒன்று நிற்கிறது. கார் படம், 5டபிள்யூ-30.

அந்தப் படத்தையும், போல்ட்டுகளை எடுத்த படத்தையும் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் அது வேறு வாகனத்துக்கு உரிய கான் என்றார். அன்றைக்கு உள்ளே வேறு என்ன வாகனம் நின்றது என்று கேட்டதும் கதை மாறியது. "தம்பி, பெரிய எஞ்சினுக்குக் கார் ஒயில்தான் நல்லம். கொழும்பில பெரிய ஆக்கள் எல்லாம் அதான் விடுறாங்க." சரி அண்ணை, போல்ட்டைப் பற்றிச் சொல்லுங்க என்றேன். கவரைக் கழற்றாமல் பக்கத்தால் மாற்ற ஒரு முறை இருக்கிறதாம். அந்த முறையை எனக்குக் காட்டச் சொன்னேன். வேலைக்கு நின்ற பொடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். கடைசியில், "அடுத்த சேர்விஸ் நான் சும்மா செய்து தாறன், இதைப் பெரிசாக்காதீங்க" என்றார். அவர் கையால் அடுத்த சேர்விஸ்! நல்ல பரிசு.

பிறேக்கிலும் இதே கூத்து. பில்லில் பிறேக் ஒயில் மாற்றியதாக இருக்கிறது. நுவரெலியாவில் இருந்து இறங்கும்போது முன் பிறேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கிளச் கவலையில் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு பார்த்தால், ஹாண்டிலில் இருக்கும் டப்பாவுக்குள் ஒயில் தேயிலைச் சாயம் போலவே இருக்கிறது, சில்லில் பிறேக் பிடிக்கிற கலிப்பரில் காற்று எடுக்கிற நிப்பிளின் றப்பர் மூடியில் பழைய சேறு காய்ந்து கிடக்கிறது. பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிறேக் பிடித்தால் அந்தச் சூடு வரும், ஒயில் கொதித்துக் குமிழி கட்டும், லீவர் வெறுமையாகப் போகும். கடலோரத்தில் இருக்கிற எங்களுக்கு ஈரக்காற்றுக்குக் குறைவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள், மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அரை மணித்தியால வேலை.

கூலன்றையும் நான் நம்பவில்லை. இறக்கிப் பார்த்தேன், வந்தது நிறமே இல்லாத தண்ணீர். கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும்.

முறைப்பாடு செய்ய விரும்புகிறவர்களுக்கு: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். பொருளுக்கு மட்டுமில்லை, சேவைக்கும் முறைப்பாடு கொடுக்கலாம். காலம் கடத்தாமல் கொடுங்கள். பில் இல்லாவிட்டால் கை கட்டின மாதிரித்தான். என்னுடைய பில் கொப்பித்தாளில் எழுதியது, இலக்கம் இல்லை, ஆனால் "கிளச் செற் – ஜப்பான்" என்று அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுத வைத்தது நல்லதாய்ப் போனது. காசு கொடுக்கும்போது பார்ட்ஸின் பெயரையும் திகதியையும் பைக் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத முகம் சுளிக்கிற இடத்தில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

கிளச் ஸ்லிப் அடிக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் கராஜுக்குப் போக முதல் நீங்களே பார்க்கலாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில், நாலாம் அல்லது ஐந்தாம் கியரில் 50 கிலோமீற்றர் வேகத்தில் போய், த்ரொட்டிலைச் சட்டென்று முழுதாகத் திறவுங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளச் சரி. முள் மட்டும் ஏறினால் ஸ்லிப். அப்போதும் முதலில் லீவரில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தளர்வு இருக்கிறதா பாருங்கள். கேபிள் இறுகியிருந்தாலும் இதே குணம்தான் காட்டும், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பிறகு ஒயில். கவரைத் திறப்பது கடைசி.

ஒயிலை நானே வாங்கிக் கொடுக்கிறேன் என்றால் சில பேர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். போத்தலை உங்கள் முன்னால் உடைக்க வேண்டும், வெறும் போத்தலை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பைக்கை விட்டுவிட்டு வரத்தான் வேண்டும் என்றால், விடுகிறதற்கு முதல் கிளச் கவர் போல்ட், ஒயில் இறக்குகிற போல்ட், பிறேக் நிப்பிள் எல்லாவற்றிலும், தலையில் இருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டுப் படம் எடுத்து வையுங்கள். பெயின்ற் பேனா இல்லாவிட்டால் நெயில் பொலிஷ் போதும். நான் தங்கச்சியின் சிவப்பை எடுத்தேன், வேலை செய்கிறது. போல்ட் திருகுப்பட்டால் கோடு உடையும். உடைய வேண்டிய கோடு உடையாமல் இருந்தால், அந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.