பதினைந்து நாள் வயதுள்ள ஹைஸ்கூல் மாணவி

அக்கா மகளின் பிறந்தநாளுக்கு மான்ஸ்டர் ஹை பொம்மை ஒன்று வாங்கினேன், ஃபிராங்கி ஸ்டைன். 2010-இல் மேட்டல் என்ற பொம்மை கம்பெனி கொண்டுவந்த முதல் வரிசைதான் வேண்டும் என்று நான் அடம் பிடித்ததால், பழைய பொம்மைகள் விற்கும் ஒருவரிடம் ஆன்லைனில் வாங்க வேண்டியதாயிற்று. அடம் பிடித்ததற்குக் காரணம் பொம்மையோடு வரும் குட்டி டைரி. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: பேய், மம்மி, ஓநாய் மனிதன் இவர்கள் பெற்ற பிள்ளைகளெல்லாம் சேர்ந்து படிக்கும் ஹைஸ்கூல்தான் கதை. ஃபிராங்கி, ஃபிராங்கென்ஸ்டைன் கதையில் வரும் அரக்கனின் மகள், உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து உருவாக்கப்பட்டவள். அதனால் அவளுக்குப் பதினைந்து வயது இல்லை, பதினைந்து நாள். அவளுடைய தோழி டிராகுலாராவுக்கு வயது 1600, இன்னும் ஸ்கூலை முடித்தபாடில்லை. டிராகுலா வீட்டுப் பெண்தான், ஆனால் சுத்த சைவம், ரத்தம் என்ற பேச்சை எடுத்தாலே மயங்கி விழுவாள். கண்ணாடியில் தன் உருவம் தெரியாது என்பதால் போட்ட மேக்கப் சரியாக இருக்கிறதா என்று தெரியாமலேயே தினமும் கிளம்ப வேண்டும், பாவம். ஓநாய் வீட்டு கிளாடீனுக்குக் காலில் முளைக்கும் முடியை மழிக்கவே நேரம் போதவில்லை. ஜாம்பி கூலியா முனகுவதைத் தவிர ஒன்றும் பேச மாட்டாள், ஆனால் கூட்டத்திலேயே படிப்பில் சுட்டி அவள்தான். தலைமையாசிரியைக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை, தலையைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறார். தலையில்லாத தலைமையாசிரியை என்று தமிழில் சொல்லும்போது இன்னும் நன்றாக இருக்கிறது. இவர்கள் விளையாடுவது பேஸ்கட்பால் இல்லை, காஸ்கெட்பால். காஸ்கெட் என்றால் சவப்பெட்டி.

பொம்மை பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வெளிர் பச்சைத் தோல், கழுத்தில் போல்ட், கறுப்பும் வெள்ளையுமாக முடி, ஒரு கண் நீலம், ஒரு கண் பச்சை. முகத்தில் போட்டிருக்கும் தையலை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் மடங்கும். சட்டை மாற்ற வேண்டுமென்றால் கையைக் கழற்றிவிட வேண்டும், அதுவும் மணிக்கட்டில் ஒரு தடவை, முழங்கையில் ஒரு தடவை. முதல் தடவை இழுக்கும்போது உடைத்துவிட்டேனோ என்று பகீரென்றது. கழற்றிய கை ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும், சோபா இடுக்கில் போனால் அவ்வளவுதான். பெட்டியில் 6 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதை மதியுங்கள், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது வேண்டாம். கூடவே வாட்ஸிட் என்று ஒரு நாய்க்குட்டி, அதுவும் பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான்.

சரி, டைரிக்கு வருவோம். உள்ளங்கைக்குள் அடங்கும், எழுத்து பொடிப்பொடி, எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. ஆனால் நான் கொடுத்த காசு இதற்குத்தான். நேற்றுப் பிறந்தவள் எல்லாரும் போலப் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாள், என்ன உடுத்துவது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று அதே புதுப்பள்ளிக் கவலைகள், கூடவே எந்த நேரத்தில் எந்த உறுப்பு கழன்று விழுமோ என்ற கவலையும். பல் கம்பி போட்டுக்கொண்டு எட்டாம் வகுப்பு படித்த எனக்கு இது நன்றாகவே புரிந்தது.

2022-இல் வந்த புது வரிசையும் அழகுதான். டிராகுலாரா பூசினாற்போல் இருக்கிறாள், ஃபிராங்கிக்கு ஒரு செயற்கைக் கால். ஆனாலும் நான் பழைய கட்சி.

ஒரு குறை, விற்றவர் மீது. பார்சலைப் பிரித்தால் ஃபிராங்கிக்கு இடது கையைக் காணோம். போட்டோவில் இருந்ததே என்று கேட்டேன், மூன்று நாளாகப் பதிலில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று மறுபடி பெட்டிக்குள் வைக்கப் போனபோது அக்கா மகள் பிடுங்கிக்கொண்டாள்.

"விடுங்க சித்தி, கிளாஸ்ல எங்கயாவது விழுந்திருக்கும். நாளைக்குப் போய் தேடி எடுத்துப்பா."